மிதக்கும் பிரிட்ஜும் மலைநாட்டு ஈரமும்

மின்கிட்டாரில் கம்பிகள் ஃப்ரெட்டுக்கு மேலே அதிக உயரத்தில் நின்றால் விரல் நோகும், சுருதி பிசகும். அளவுக்கு மீறித் தாழ்ந்தால் கம்பி அடுத்த ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும். இரண்டில் எது நேர்ந்தாலும் வாசிப்பவரின் கை உடனே போவது, பிரிட்ஜின்மேல் கம்பிகளைத் தாங்கும் சாடில்களில் இருக்கும் சின்னத் திருகாணிகளுக்குத்தான். பிரிட்ஜ் மரத்தோடு இறுக்கப்பட்ட கிட்டாரில் இது நியாயமான தொடக்கம். பிரிட்ஜ் மிதக்கும் கிட்டாரில் இதே வேலையைச் செய்கிறவர், நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுக்கிறார். அங்கே கம்பி உயரம் என்பது முன்பக்கத்தில் கம்பிகளும் பின்பக்கத்தில் ஸ்பிரிங்குகளும் இழுத்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றுபோனதன் விளைவு. எந்த இழுவை மாறியது, அல்லது இழுவை எதுவும் மாறாமல் மரம் வளைந்ததா என்று தெரியும்வரை சாடில் திருகாணியைத் தொடாமலிருப்பதே நல்லது. அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பிரிட்ஜ் தட்டின் சாய்வே அதைச் சொல்லிவிடும்.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இந்த அமைப்பைத் தெளிவாகப் பார்க்கலாம். பிரிட்ஜ் தட்டின் முன்விளிம்பு ஆறு திருகாணிகளின்மேல் சாய்ந்து ஆடும். பிற்காலத்தில் வந்த பல மாதிரிகளில் ஆறுக்குப் பதில் இரண்டு கம்பங்கள். தட்டின் அடியில் ஒரு கனத்த உலோகக்கட்டை மரத்தைத் துளைத்துக் கீழே இறங்கும். அதன் நுனியில் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் கொளுவப்பட்டிருக்கும். அவற்றின் மறுமுனை, கிட்டாரின் பின்புறக் குழிக்குள் இரண்டு நீண்ட மரத்திருகாணிகளால் பிடிக்கப்பட்ட தகட்டில் மாட்டியிருக்கும். கம்பிகள் ஆடுமுனைக்குச் சற்று மேலே நின்று தட்டை முன்னே கவிழ்க்கப் பார்க்கின்றன. ஸ்பிரிங்குகள் ஆடுமுனைக்கு வெகு கீழே நின்று அதைப் பின்னே இழுக்கின்றன. நெம்புகோலின் கை அந்தப் பக்கம் நீளம் என்பதால், கம்பிகளின் முழு இழுவைக்கு ஸ்பிரிங் ஈடுகொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரு பக்கத் திருப்புவிசையும் துல்லியமாகச் சமப்படும் ஒரு கோணத்தில்தான் தட்டு நிற்கும். வேறு எங்கும் அதனால் நிற்க முடியாது. 1979-இல் காப்புரிமை பெற்ற ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜில் கம்பிகளை இரு முனையிலும் பூட்டிவிடுகிறார்கள். கம்பி நழுவிச் சுருதி போவது அதனால் தடைபடுகிறது. ஆனால் இந்தத் தராசு அங்கேயும் அப்படியே இருக்கிறது.

தராசின் ஒரு தட்டில் இருக்கும் பாரத்தை எண்ணில் சொல்லலாம். கம்பியின் நீளம், ஒரு மீற்றருக்கு அதன் எடை, அது தரவேண்டிய சுருதி ஆகிய மூன்றும் தெரிந்தால் இழுவையைக் கணக்கிட்டுவிடலாம். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் எழுதி வைத்த விதி இது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் 648 மில்லிமீற்றர் நீளத்துக்கு, ‘ஒன்பது’ என்று கேட்டு வாங்கும் மெல்லிய கம்பித் தொகுதியைப் போட்டு வழக்கமான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 39 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுக்கின்றன. அதைவிடத் தடித்த ‘பத்து’ போட்டால் அது 47 கிலோ ஆகிறது. கடையில் ஒன்பது கிடைக்காமல் பத்து வாங்கி மாட்டியவர் பிரிட்ஜின்மேல் புதிதாக எட்டுக் கிலோவை ஏற்றியிருக்கிறார். ஸ்பிரிங்குகள் பழையபடியே இருப்பதால் தட்டு முன்னே கவிழ்ந்து அதன் பின்விளிம்பு மேலெழும்புகிறது. சாடில்கள் ஆடுமுனைக்குப் பின்னால் இருப்பதால் அவையும் உயர்கின்றன. ஆடுமுனையிலிருந்து சாடில் 15 மில்லிமீற்றர் பின்னால் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், தட்டு 2 பாகை சாய்ந்ததுமே சாடில் அரை மில்லிமீற்றர் உயர்ந்துவிடும். 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுவில் இருப்பதால் அங்கே அந்த உயர்வு கால் மில்லிமீற்றர். எண் சிறிதாகத் தெரியலாம். ஆனால் நல்ல வாசிப்பு உயரமே ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர்தான்; அதில் கால் மில்லிமீற்றரை விரல் உடனே உணர்ந்துவிடும். எதிர்த்திசையிலும் இப்படியே. எல்லாக் கம்பிகளையும் அரைச்சுரம் இறக்கி வாசிப்பது ராக் குழுக்களில் சாதாரணம். சுருதி அரைச்சுரம் இறங்கினால் இழுவை 11 சதவீதம் குறையும். 39 கிலோவில் நான்கு கிலோவுக்கு மேல் போய்விடும். ஸ்பிரிங் வென்று தட்டு பின்னே சரிகிறது, கம்பிகள் தாழ்ந்து கரகரக்கின்றன. சாடிலை உயர்த்தி அந்தக் கரகரப்பை அடக்குகிறவர், மறுவாரம் பழைய சுருதிக்குத் திரும்பும்போது கம்பிகள் வானத்தில் நிற்பதைக் கண்டு கிட்டாரைக் குறை சொல்வார்.

ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குவதும் இந்தத் தராசின் வேலைதான். ஒன்று இறுகியதும் தட்டு கொஞ்சம் முன்னே வருகிறது. மற்றவை அந்த அளவுக்குத் தளர்கின்றன. அதனால் ஒரே சுற்றில் சுருதி சேராது. ஒவ்வொரு சுற்றிலும் பிழை முந்தையதில் ஒரு பங்காகச் சுருங்கிக்கொண்டே போய், சில சுற்றுகளில் காதுக்குத் தெரியாத அளவுக்கு வந்து நிற்கும். பொறுமையில்லாமல் இரண்டாம் சுற்றிலேயே உயரத்தை அளப்பவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் ஒன்றை அளக்கிறார். கர்நாடக இசையை மின்கிட்டாரில் வாசிப்பவர்கள் இதன் இன்னொரு முகத்தை அறிவார்கள். கித்தார் பிரசன்னா போன்றவர்கள் அந்த இசையை இந்தக் கருவிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது, பிரிட்ஜ் மிதந்தால் அது இழுபடும் திசையில் இடங்கொடுக்கும். அதே சுரத்தைத் தொட இன்னும் அதிகம் இழுக்க வேண்டும், பக்கத்தில் ஒலிக்கும் கம்பியும் அந்தக் கணத்தில் சற்று இறங்கும். வீணையில் குதிரை அசையாமல் நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இனி இலங்கை மலைநாட்டின் ஹுன்னஸ்கிரிய போன்ற ஈரமான ஓரிடத்தில் நிலைமை என்னவாகும் என்று பார்க்கலாம். கண்டியிலிருந்து மகியங்கனை போகும் வீதி தெல்தெனியவைக் கடந்து மேலேறி ஹுன்னஸ்கிரியவைத் தொடுகிறது. பின்பு உடதும்பறை வழியாகப் போய், 18 வளைவு என்று பெயர்பெற்ற இறக்கத்தில் உலர்வலயச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. வடக்கே நிற்பது நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று என்று இரண்டையும் மறிக்கும் மலை அது. மீமுரே போகும் பாதை பிரியும் இந்தச் சந்திக்கு மூடுபனியும் ஈரமும் புதிதல்ல. அதே வீதியில் கீழே இறங்கினால் வெக்கை. கண்டியில் தோன்றிய பேரனாய்ட் எர்த்லிங் போன்ற ராக் குழுக்களைப் பார்த்து இந்த மலைப்பக்கத்துப் பையனோ பெண்ணோ ஒரு கிட்டார் வாங்கினால், அந்தக் கருவி இத்தனை ஈரத்தையும் வெக்கையையும் தாங்கியாக வேண்டும். திருத்துநரிடம் கொண்டுபோவதென்றால் பஸ் ஏறிக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். அதனால்தான் காரணத்தைத் தானே கண்டுபிடிக்கும் வழி இங்கே ஒருவருக்கு மிகவும் தேவைப்படுகிறது.

ஈரம் உருக்குக் கம்பியை நீட்டுவதில்லை, மரத்தையே பாதிக்கிறது. மரம் ஈரம் குடித்தால் நாருக்குக் குறுக்கே நன்றாக உப்பும், நார் ஓடும் திசையில் மிகச் சொற்பமே நீளும். நெக் செய்யப் பயன்படும் மேப்பிள் பச்சை மரமாயிருந்து முற்றக் காயும்போது குறுக்கே 10 சதவீதம் அளவுக்குச் சுருங்கக்கூடியது, நீளவாக்கில் 0.1, 0.2 சதவீதம்தான். அப்படியானால் நெக்கின் நீளவாக்கு வளைவை ஈரம் எப்படி மாற்றும் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், விடை கணக்கில் இருக்கிறது. நெக் இரண்டு அடுக்கு. மேலே ரோஸ்வுட் போன்ற விரற்பலகை, கீழே மேப்பிள். இரண்டும் ஒரே அளவு நீண்டால் வளைவு வராது. முதல் ஃப்ரெட்டுக்கும் கடைசி ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 450 மில்லிமீற்றர் நீளம் என்று கொள்வோம். அந்த நீளத்தில் ஓர் அடுக்கு மற்றதைவிட ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு கூடுதலாக நீண்டாலே போதும், 20 மில்லிமீற்றர் பருமனுள்ள நெக்கின் நடுவில் கால் மில்லிமீற்றரை நெருங்கும் வளைவு வந்துவிடும். அது முன்னே குழியுமா, பின்னே வளையுமா என்பது இரண்டு மரத்தின் தன்மையையும் அவற்றை ஒட்டிய பொழுதிருந்த ஈரத்தையும் பொறுத்தது. நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள்ளே ஓடும் ட்ரஸ் ராட் உருக்கு. அதற்கு ஈரம் தெரியாது. மரம் அதைச் சுற்றி மாறிக்கொண்டிருக்கும்.

வெப்பநிலையும் ஒரு பங்கு வகிக்கிறது, ஆனால் உயரத்தில் அதன் பங்கு குறைவு. வெப்பம் 10 பாகை செல்சியஸ் இறங்கினால் உருக்குக் கம்பி மரத்தைவிட அதிகம் சுருங்கும். பிரிட்ஜ் இறுகியிருக்கும் கிட்டாரில் தடித்த மூன்றாம் கம்பி கால் அரைச்சுரம் வரை ஏறிவிடக்கூடும். மிதக்கும் பிரிட்ஜில் அந்தச் சுருக்கத்தின் ஒரு பகுதியைத் தட்டு முன்னே சாய்ந்து ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சுருங்கும் நீளம் மொத்தமே ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. அதனால் சாடில் உயரும் அளவு மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான். சுருதியைக் கலைக்க அது போதும், விரலுக்கு அது தெரியாது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பயனுள்ளதாகப் படுவது இதுதான். அதே கம்பி, அதே நீளம், அதே சுருதி என்றால் இழுவை அதேதான். மெர்சென் விதி வேறொன்றுக்கு இடம் தருவதில்லை. ஸ்பிரிங்கை யாரும் தொடவில்லை என்றால் மறுபக்கமும் அதேதான். ஆகவே சுருதியைச் சரியாகச் சேர்த்த பின் தட்டு பழைய சாய்வுக்குத் திரும்பியே ஆகவேண்டும், மழைக்காலமாயிருந்தாலும் கோடையாயிருந்தாலும். சுருதி சேர்ந்திருக்கிறது, தட்டின் சாய்வு மாறவில்லை, ஆனால் கம்பி உயரம் மாறிவிட்டது என்றால் குற்றவாளி கிட்டத்தட்ட நிச்சயமாக நெக். சுருதி சேர்ந்தும் சாய்வு மாறியிருந்தால் கம்பியின் தடிப்போ சுருதியின் நிலையோ ஸ்பிரிங்கோ மாறியிருக்கிறது. பிரிட்ஜை அசைக்கும் ட்ரெமொலோக் கையை ஒருமுறை அழுத்தி விட்டதும் தட்டு ஓரிடத்திலும், மேலே இழுத்து விட்டதும் வேறோரிடத்திலும் நின்றால், ஆடுமுனை தேய்ந்தோ துருவேறியோ சிக்குகிறது. ஈரமான ஊரில் இந்த மூன்றாவதையும் மறக்கக்கூடாது. தட்டின் பின்விளிம்புக்கும் கிட்டாரின் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி, கருவி நன்றாக இருக்கும்போது எவ்வளவு என்று அளந்து பெட்டியின் மூடியில் எழுதி வைத்திருந்தால் போதும். ஃபெண்டர் நிறுவனம் தன் கிட்டார்களுக்குச் சொல்லும் தொடக்க அளவு சுமார் 3 மில்லிமீற்றர்.

சாடில் திருகாணி உயரத்துக்காகத்தானே வைக்கப்பட்டிருக்கிறது, அதைத் திருப்புவதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. கடைசிக் கட்டத்தில் சில பத்தில்-பங்குகளை ஏற்றி இறக்க அது வேண்டியதுதான். ஆனால் சாய்ந்துபோன தட்டை மறைக்க அதைப் பயன்படுத்தினால் மற்ற எல்லாம் கெடும். தட்டு கவிழ்ந்து நிற்பதால் சாடில்கள் முன்னே வந்திருக்கும். ஒவ்வொரு கம்பியின் நீளமும் குறைந்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறி ஒலிக்கும். கையை மேலே இழுக்க இருந்த இடமும் மாறிவிடும். ஃபிளாய்ட் ரோஸில் இன்னும் மோசம். அங்கே சாடில்களுக்குத் தனித்தனி உயரத் திருகாணியே இல்லை. இருபுறக் கம்பங்களைத்தான் திருப்பலாம். கம்பிகள் முழு இழுவையில் இருக்கும்போது அவற்றைத் திருப்பினால் பிரிட்ஜின் கத்திமுனை கம்பத்தில் உரசி மழுங்கும். அதன்பின் தட்டு ஒருநாளும் ஒரே இடத்துக்குத் திரும்பாது. கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் திருப்புவதே முறை.

இந்தத் தலைவலி எதற்கு, ஸ்பிரிங் குழிக்குள் ஒரு மரத்துண்டைச் செருகிப் பிரிட்ஜை அசையாமல் செய்துவிட்டால் போகிறது என்பவர்களின் வாதம் இதைவிட வலுவானது. எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் அப்படித்தான் செய்கிறார். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை சுருதி மாறாது, கம்பி இழுத்து வாசிப்பதும் இலகு. ட்ரெமொலோக் கையைத் தொடாதவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அது தராசை நிறுத்துகிறதே தவிர மரத்தை நிறுத்துவதில்லை. மழை மாதத்தில் நெக் வளைந்தால் மரத்துண்டு செருகிய கிட்டாரிலும் உயரம் மாறும்; அங்கேயும் சாடிலைத் திருப்பினால் மறுபடி அறிகுறிக்கே மருந்து. கையைப் பயன்படுத்துகிறவருக்கோ, கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுருதியை மேலேயும் கீழேயும் அசைக்கும் அந்த ஒரு வசதிக்காகவே இந்தப் பிரிட்ஜ் பிறந்தது. அதைப் பூட்டிவிட்டால் வாங்கியதன் பொருள் போய்விடும்.

ஆளுக்கொரு விரல், ஆளுக்கொரு உயரம்; இதில் அளவு எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. விருப்பம் வேறுபடும் என்பது உண்மை. ஆனால் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியை 2 மில்லிமீற்றர் கீழே அழுத்தினால் அது நீண்டு இறுகுகிறது. உருக்கின் மீள்தன்மையை வைத்துக் கணக்கிட்டால் முதல் கம்பியின் சுருதி அரைச்சுரத்தில் நூறில் இரண்டு பங்கு ஏறும். ஒன்பது தொகுதியின் மூன்றாம் கம்பியில் அதுவே ஆறரைப் பங்கு. மேலும் இந்தப் பிசகு உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது: உயரம் இரட்டித்தால் பிசகு நான்கு மடங்கு. எனவே 3 மில்லிமீற்றர் உயரம் எனக்குப் பிடிக்கும் என்பவர் மூன்றாம் கம்பியில் காதுக்குத் தெளிவாகத் தெரியும் பிசகையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். தம்புராவில் கம்பி பிரிட்ஜைத் தொட்டுத் தொட்டு அதிர வேண்டுமென்றே நூல் வைக்கிறார்கள். அங்கே இரைச்சல்தான் இசைக்கு உயிர். மின்கிட்டாரில் கம்பி ஃப்ரெட்டில் பட்டால் அதிர்வின் ஆற்றல் வீணாகி ஒலி சீக்கிரம் செத்துப்போகிறது. அதனால் இங்கே கீழ்எல்லை கரகரப்பு, மேல்எல்லை சுருதிப் பிசகு. விருப்பத்துக்கு இடம் இரண்டுக்கும் நடுவில்தான்.

வேலையின் வரிசை இந்தக் காரணங்களிலிருந்து தானே வருகிறது. இனி நிரந்தரமாகப் போடப்போகும் தடிப்பிலேயே புதுக் கம்பிகளை மாட்டி, நிரந்தரமாக வாசிக்கப்போகும் சுருதிக்குச் சேர்க்க வேண்டும். தட்டின் பின்விளிம்பு அதிகம் எழும்பியிருந்தால் பின்குழியின் இரண்டு திருகாணிகளையும் அரைச்சுற்று இறுக்கலாம், அமிழ்ந்திருந்தால் தளர்த்தலாம். ஒவ்வொரு முறையும் முழுதாகச் சுருதி சேர்த்த பின்பே பார்க்க வேண்டும். பிறகு நெக். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ, கடைசி ஃப்ரெட்டில் ஒரு விரல். எட்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.25 மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருப்பது நல்லது. கம்பி அதிரும்போது நடுவில்தான் அகலமாக ஆடும், அதற்கு வழிவிடவே இந்த மெல்லிய குழிவு. மோட்டார் கராஜில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். குழிவு கூடியிருந்தால் ட்ரஸ் ராட்டைக் கால்சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் இறுக்காமல், மரம் இடங்கொடுக்க நேரம் விட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே சாடில். 17-ஆம் ஃப்ரெட்டில் 1.6 மில்லிமீற்றர் என்பது ஃபெண்டர் சொல்லும் அளவு; விரற்பலகையின் குறுக்குவளைவு அதிகமுள்ள பழைய பாணி நெக்கில் தடித்த கம்பிகளுக்கு 2. சாடிலை ஒரு மில்லிமீற்றர் ஏற்றினால் 17-ஆம் ஃப்ரெட்டில் 0.63 மில்லிமீற்றர்தான் ஏறும் என்பதை நினைவில் வைத்தால் திருகாணியை எவ்வளவு திருப்புவதென்று குழப்பம் வராது. கரகரப்பு எங்கே எழுகிறது என்பதும் துணைசெய்யும்: நட்டுக்குப் பக்கத்து முதல் சில ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் நெக் மிதமிஞ்சி நேராகிவிட்டது, மேல் ஃப்ரெட்டுகளில் என்றால் சாடில் தாழ்வு.

சாடிலை முன்பின் நகர்த்தி ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் திருத்துவது எல்லாவற்றுக்கும் கடைசி. உயரம் மாறினால் அழுத்தும்போது ஏறும் பிசகும் மாறுவதால், முன்பே செய்தால் வேலை வீண். அந்தத் திருத்தமும் இழுவையைச் சற்றே கலைக்கும் என்பதால், அதன்பின் இன்னொரு முழுச் சுற்றுச் சுருதி சேர்த்துவிட்டுத் தட்டின் பின்விளிம்பு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். தென்மேற்குக் காற்று தொடங்கிச் சில வாரம் கழித்து ஒருமுறை, வடகீழ்க் காற்று ஓய்ந்த பின் ஒருமுறை அதே இடைவெளியையும் எட்டாம் ஃப்ரெட்டின் குழிவையும் அளந்தால், அந்தக் குறிப்பிட்ட நெக் ஹுன்னஸ்கிரியவின் ஈரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். அடுத்த மழைக்கு ட்ரஸ் ராட்டை எந்தத் திசையில் கால்சுற்றுத் திருப்புவதென்பதையும் அந்த அளவுகளே காட்டிவிடும்.